கணக்கா, இங்கிலீஷா? பிளஸ் ஒன் சேர்க்கும் முன் ஒரு வார்த்தை

பத்தாவது ரிசல்ட் வந்துவிட்டால் போதும், எங்கள் ராயப்பேட்டையில் மணிக்கூண்டிலிருந்து ஐஸ் ஹவுஸ் வரை எந்த வீட்டு வாசலில் நின்றாலும் ஒரே பேச்சுதான். "உங்க பொண்ணு என்ன குரூப்?" முருங்கைக்காய் பேரம் பேசிக்கொண்டே கேட்கிறோம், பால் பாக்கெட் வாங்கிக்கொண்டே பதில் சொல்கிறோம். ஒரு பட்டுப்புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிற நாம், குழந்தையின் படிப்பு எந்தத் திசையில் போகப்போகிறது என்பதைப் பல சமயம் அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறோம்.

அந்த அரை மணி நேரத்தில் அடிக்கடி காதில் விழுவது இது: "கணக்கு கஷ்டம். இங்கிலீஷ்தான் எங்கே போனாலும் சோறு போடும். கணக்கை விட்டுட்டு இங்கிலீஷை நல்லா படிக்கட்டும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு சங்கதி மறைந்திருக்கிறது சகோதரிகளே. கணக்கு உசத்தியா, இங்கிலீஷ் உசத்தியா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. எதை இப்போது விட்டால் பிறகு பிடித்துக்கொள்ளலாம், எதை விட்டால் பிடிப்பது கஷ்டம் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்கிறேன்.

முதலில் என்ன படிப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். எங்கள் அம்மா காலத்தில் பதினோரு வருஷம் படித்து எஸ்.எஸ்.எல்.ஸி. எழுதினார்கள். அப்போதே கணக்கில் இரண்டு தினுசு உண்டு. 'ஜெனரல் மேத்ஸ்' என்பது லேசானது. 'காம்போசிட் மேத்ஸ்' என்பது அல்ஜீப்ரா, ஜியாமெட்ரி எல்லாம் சேர்ந்த கனமான கணக்கு. பெண்ணாக இருந்தால் பேசாமல் ஜெனரலில் எழுதிவிட்டு வந்த வீடுகள் நிறைய. 1978-ல் நம் மாநிலத்தில் பிளஸ் டூ வந்தது. 1980-ல் முதல் செட் பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். பேர் மாறியதே தவிர, வீட்டில் நடக்கிற பேச்சு அவ்வளவாக மாறவில்லை.

இப்போது மாநிலப் பாடத்திட்டத்தில் ஆறு பாடம், பாடத்துக்கு 100 வீதம் மொத்தம் 600 மார்க். முதலில் தமிழ் அல்லது வேறொரு மொழி. இரண்டாவது இங்கிலீஷ். இது எந்த குரூப் எடுத்தாலும் உண்டு. மீதி நாலுதான் 'குரூப்' பாடங்கள். அதில் கணிதம் உண்டு. காமர்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு வணிகக் கணிதமும் புள்ளியியலும் உண்டு. இங்கிலீஷையே தனியாக, கூடுதலாகப் படிக்க 'கம்யூனிகேடிவ் இங்கிலீஷ்' என்று ஒரு பாடமும் இருக்கிறது. ஆனால் அது இருக்கிற பள்ளிகள் குறைச்சல். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 'இங்கிலீஷ் கோர்' என்பது சாதாரணம், 'இங்கிலீஷ் எலக்டிவ்' என்பது இலக்கியம் ஜாஸ்தியாக உள்ளது. கணக்கிலும் அங்கே 'மேதமேடிக்ஸ்', 'அப்ளைடு மேதமேடிக்ஸ்' என்று இரண்டு. இந்த இரண்டாவது, காமர்ஸ், எகனாமிக்ஸ் மாதிரி படிப்புக்குப் போகிறவர்களை நினைத்து வைத்தது. என்ஜினீயரிங் கனவு இருக்கிற குழந்தையை, பேர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று அதில் சேர்த்துவிடாதீர்கள்.

ஆக, கணக்கை விட்டால்தான் இங்கிலீஷ் கிடைக்கும் என்பது சரியில்லை. இங்கிலீஷ் எப்படியும் கூடவே வருகிறது. கணக்குதான், வேண்டாம் என்று சொன்ன அன்றோடு போய்விடுகிறது.

இரண்டையும் படிக்கிற விதமே வேறு. கணக்கு மாடிப்படி மாதிரி. பத்தாவதில் திரிகோணமிதி புரியாவிட்டால் பிளஸ் ஒன்னில் தடுக்கும். பிளஸ் ஒன்னில் வெக்டர், டிஃபரன்ஷியேஷன், இன்டக்ரேஷன் அஸ்திவாரம் போடாவிட்டால் பிளஸ் டூவில் அதன் மேல் கட்ட முடியாது. நடுவில் இரண்டு படி இல்லையென்றால் தாண்டிக் குதிக்க முடியாது. இங்கிலீஷ் அப்படியில்லை. அது தயிர் உறை ஊற்றுகிற மாதிரி. தினம் கொஞ்சம் விட்டால் தானாகத் தோய்ந்துகொண்டே இருக்கும். ஒரு வாரம் விட்டுப்போனாலும் மறுபடி ஆரம்பிக்கலாம். பதினாறு வயசிலும் கற்கலாம், இருபத்தாறிலும் கற்கலாம். கல்யாணமாகி வெளியூர் போய், பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேசிப் பேசியே கற்றுக்கொண்ட பெண்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு. ஆனால் இருபத்தாறு வயசில் கைக்குழந்தையோடு உட்கார்ந்து இன்டக்ரேஷன் கற்றுக்கொண்ட பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. முடியாது என்று சொல்லமாட்டேன், அதற்கு நேரமும் துணையும் அமைவது அபூர்வம்.

அடுத்தது, எந்தக் கதவு எதனால் திறக்கிறது என்ற விஷயம். நம் மாநிலத்தில் என்ஜினீயரிங் கவுன்சலிங் ரேங்க் 200-க்கு. அதில் கணக்குக்கு 100, பிஸிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50. பாதிக்குப் பாதி கணக்கு! இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தால் முதலில் பார்ப்பதும் கணக்கு மார்க்கைத்தான். இங்கிலீஷ் மார்க் அதில் சேர்வதே இல்லை. கட்டடக் கலையான பி.ஆர்க். படிப்புக்கும் கணக்கு வேண்டும். பி.எஸ்ஸி. கணிதம், புள்ளியியல் சொல்லவே வேண்டாம். கம்ப்யூட்டர் படிப்புகளுக்கும் பல கல்லூரிகளில் கணக்கு கேட்கிறார்கள்.

கணக்கில்லாமல் திறக்கிற கதவுகளும் நிறைய இருக்கின்றன, பயப்பட வேண்டாம். டாக்டர் படிப்புக்கான நீட் பரீட்சையில் பிஸிக்ஸ், கெமிஸ்ட்ரி, உயிரியல்தான். நர்ஸிங், பி.காம்., சட்டம், பத்திரிகைத் துறை, பி.ஏ. இங்கிலீஷ், ஆசிரியர் வேலை என்று எத்தனையோ. ஆனால் அங்கே போனாலும் கணக்கு வேறு ரூபத்தில் வந்து கதவைத் தட்டும். சி.ஏ. படிக்கச் சேரும் பிள்ளைக்கு முதல் பரீட்சையிலேயே கணக்கும் புள்ளியியலும் சேர்ந்த பேப்பர் உண்டு. பேங்க் குமாஸ்தா பரீட்சையில் இங்கிலீஷும் கணக்கும் அடுத்தடுத்து வரும். டி.என்.பி.எஸ்.ஸி. குரூப் 4-ல் 200 கேள்வியில் 25 கணக்கும் புத்திக்கூர்மையும். 2021-லிருந்து பெண்களும் எழுதலாம் என்று ஆன என்.டி.ஏ. ராணுவப் பரீட்சையில் கணக்குக்கு 300 மார்க், இங்கிலீஷுக்கு 200 மார்க். இரண்டு காலும் இருந்தால்தான் நடக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

இந்த இடத்தில் ராமானுஜத்தை நினைக்காமல் இருக்க முடியாது. கும்பகோணத்தில் 1897-ல் எழுதிய ஆரம்பப் பள்ளித் தேர்வில் இங்கிலீஷ், தமிழ், பூகோளம், கணக்கு எல்லாம் சேர்த்து ஜில்லாவிலேயே முதலாக வந்த பையன் அவர். 1904-ல் காலேஜில் சேர்ந்தபோது அவருக்கு ஒரு ஸ்காலர்ஷிப் கிடைத்தது. இங்கிலீஷிலும் கணக்கிலும் கெட்டிக்காரர்களாக இருக்கிறவர்களுக்குக் கொடுக்கிற உதவி அது. கணக்கிலேயே மூழ்கி மற்றதைக் கவனிக்காமல் விட்டதில் இங்கிலீஷில் தவறிப்போனார். ஸ்காலர்ஷிப் போயிற்று. பிறகு இங்கே பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912-ல் போர்ட் டிரஸ்டில் மாசம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை. அந்த குமாஸ்தா 1913 ஜனவரி 16-ந் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதம்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. 1918-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினர் ஆனார்.

ஊன்றிப் பாருங்கள். எந்த இங்கிலீஷ் அவரைக் கீழே தள்ளியதோ, அந்த இங்கிலீஷில் எழுதிய கடிதம்தான் அவர் கணக்கைக் கடல் கடந்து கொண்டுபோயிற்று. கணக்கு அவர் சரக்கு, இங்கிலீஷ் அதை ஏற்றிச் சென்ற வண்டி. வண்டி இல்லாவிட்டால் சரக்கு திருவல்லிக்கேணியிலேயே கிடந்திருக்கும். சரக்கு இல்லாவிட்டால் வண்டி காலியாக ஓடியிருக்கும்.

மறுபக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். இதே சென்னையில் புரசைவாக்கத்தில் 1906-ல் பிறந்தவர் ஆர்.கே. நாராயண். பள்ளி முடித்து காலேஜ் நுழைவுப் பரீட்சையில் தோற்றுப்போனார். ஒரு வருஷம் வீட்டிலேயே இருந்தார். சும்மா இல்லை, படித்தார், எழுதினார். 1926-ல் பாஸ் செய்தார். 1935-ல் அவருடைய முதல் நாவல் வெளிவந்தது, உலகமே படித்தது. பரீட்சை ஹாலுக்கு வெளியேயும் பாஷை வளரும் என்பதற்கு அவரே சாட்சி. வீட்டில் நாலு நல்ல புத்தகம் இருந்தால் அதுவே ஒரு பள்ளிக்கூடம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பெண் குழந்தை விஷயம்.

போன வருஷம் எங்கள் மாடி வீட்டில் நடந்தது. அந்த வீட்டுப் பெண் பத்தாவதில் கணக்கில் 85, இங்கிலீஷில் 93. அவள் அம்மா என்னிடம் வந்து, "அக்கா, இவளுக்குக் கணக்கு வேணாம்னு இவங்கப்பா சொல்றாரு. இங்கிலீஷ்லதான் மார்க் நல்லா வருது. கணக்குன்னா டியூஷன் வைக்கணும், ராத்திரி எட்டு மணிக்குத் தனியா வரணும். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு?" என்றாள்.

"சரி, மூத்தவனுக்கு என்ன மார்க் வந்துது கணக்குல?" என்று கேட்டேன்.

"61."

"அவனை எந்த குரூப்புல போட்டீங்க?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கம்ப்யூட்டர் மேத்ஸ்" என்றாள் மெதுவாக. "அவன் ஆம்பளைப் பிள்ளைக்கா."

அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. பெண்ணைத்தான் கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்குக் கணக்கு பிடிக்கும் பெரியம்மா. இங்கிலீஷ்ல எட்டு மார்க் ஜாஸ்தி வந்துட்டதால அதுதான் எனக்கு வரும்னு முடிவு பண்ணிட்டாங்க. என்னை யாரும் கேக்கலை" என்றாள். நல்லவேளை, பாரம் கொடுக்க இன்னும் மூன்று நாள் இருந்தது. அவள் அப்பா வீட்டுக்குப் பக்கத்திலேயே சாயங்காலம் ஆறரைக்குள் முடிகிற டியூஷன் ஒன்றைக் கண்டுபிடித்தார். தேடினால் கிடைக்கத்தான் செய்கிறது.

கணக்கில் 61 வாங்கிய பையனுக்குக் கணக்கு உண்டு, 85 வாங்கிய பெண்ணுக்கு இல்லை. இதில் மார்க் எங்கே வந்தது? குறுக்கே நின்றது ராத்திரி எட்டு மணியும், 'எதுக்கு' என்ற ஒரு வார்த்தையும்தான். நம் வீடுகளில் கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் நடக்கிற போட்டி, பல சமயம் பெண்ணுக்கும் பையனுக்கும் நடக்கிற போட்டிதான். 'பெண்ணுக்கு பாஷை வரும், பையனுக்குக் கணக்கு வரும்' என்பதை யாரோ கல்வெட்டில் எழுதி வைத்த மாதிரி பேசுகிறோம். நம் தெரு பக்கத்திலேயே கதீட்ரல் ரோடில் இருக்கிறதே ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி, அங்கே படித்தவர்தான் ஆர். பரிமளா. சாரதா வித்யாலயாவில் பள்ளிப் படிப்பு, 1970-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி., 1976-ல் பம்பாயில் டாக்டர் பட்டம். 1987-ல் பட்நாகர் பரிசு. 2010-ல் ஹைதராபாத்தில் உலகக் கணித மேதைகள் கூடிய மாநாட்டில் பேருரை நிகழ்த்தினார். அவர் கையிலிருந்து கணக்குப் புத்தகத்தை யாரும் பிடுங்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்று. பெண் கேட்கும்படி "எனக்கும் கணக்கு வராது, இவளுக்கும் வராது" என்று சொல்கிற வழக்கத்தை விட்டுவிடுவோம். ஏலச்சீட்டில் இந்த மாசம் தள்ளு எவ்வளவு, தலைக்கு எவ்வளவு என்று வாயாலேயே சொல்கிறோம். நகைக்கடனுக்கு வட்டி போடுகிறோம். பதினைந்து புள்ளி, எட்டு வரையில் ஊடுபுள்ளி வைத்து ஒரு சுழி தப்பாமல் கோலம் போடுகிறோம். நமக்கா கணக்கு வராது?

இதனால் எல்லாக் குழந்தையையும் கணக்கில் தள்ளுங்கள் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். சில குழந்தைகளுக்குக் கணக்கு நிஜமாகவே பிடிக்காது. பரீட்சைக்கு முதல் நாள் காய்ச்சல் வரும், வயிற்றைக் கலக்கும், ராத்திரி தூக்கம் வராது. ஒன்பதாவது, பத்தாவது இரண்டு வருஷமும் நல்ல டீச்சர் சொல்லிக்கொடுத்தும் அப்படியே இருந்தால் வற்புறுத்தாதீர்கள். குழந்தையின் உடம்பும் மனசும் கட்-ஆஃபைவிடப் பெரிசு. கதை என்றால் சோறு தண்ணீர் மறந்து படிக்கிற, தானாக நாலு பக்கம் எழுதுகிற பெண்ணாக இருந்தால் இங்கிலீஷோ தமிழோ இலக்கியம் படிக்கட்டும். அதைப் பெருமையாகச் செய்யுங்கள். "கணக்கு வரலை, அதான் இதுல போட்டோம்" என்று வருகிறவர் போகிறவரிடம் சொல்லி அவள் முகத்தை வாடவைக்காதீர்கள்.

முடிவு செய்யும் முன் வீட்டில் செய்யக்கூடிய சில காரியங்கள்:

இங்கிலீஷ் மார்க்கையும் கணக்கு மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். இரண்டும் ஒரே நாணயம் இல்லை. கணக்கில் 85 வாங்கக் குழந்தை எவ்வளவு தானாகப் போட்டது, எவ்வளவு மனப்பாடம் செய்தது என்று பாருங்கள். பத்தாவது புத்தகத்தில் புரட்டி ஒரு புதுக் கணக்கைக் கொடுங்கள். விடை வராவிட்டாலும் பத்து நிமிஷம் விடாமல் முட்டிப் பார்க்கிறாளா? அப்படியென்றால் கணக்கு வரும். இங்கிலீஷிலும் அப்படியே. நோட்ஸ் பார்க்காமல் தன் சிநேகிதிக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். 93-இன் எடை தெரிந்துவிடும்.

கணக்கு எடுத்துவிட்டால் பிளஸ் ஒன் வருஷத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு முடித்துவிட்டு, பிளஸ் டூ பாடத்தை அப்போதே ஆரம்பித்துவிடுகிற பள்ளிகள் உண்டு. அதைத் தடுக்கத்தான் 2018-லிருந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுப் பரீட்சை வைத்தார்கள். 2025-26 முதல் அது எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது, சந்தோஷம். ஆனால் காவல் நம் கைக்கு வந்துவிட்டது. வாரம் ஒரு தரம் பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தை எடுத்து, எந்தப் பாடம் நடக்கிறது என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தக் கணக்கு தெரிய வேண்டாம், பக்கம் நகருகிறதா என்று பார்த்தால் போதும்.

இங்கிலீஷுக்கு டியூஷன் வேண்டாம், பழக்கம் வேண்டும். தினம் கால் மணி நேரம் இங்கிலீஷ் பேப்பரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சமையல்கட்டில் வேலை செய்துகொண்டே கேட்கலாம். படித்ததைத் தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். புரிந்ததா என்பது அதில் தெரிந்துவிடும். தமிழ் மீடியத்தில் படித்துக் கணக்கில் நூறு வாங்கிய பிள்ளைகள்கூட என்ஜினீயரிங் காலேஜில் முதல் வருஷம் திணறுவது பாடத்தால் இல்லை, பாஷையால்தான். பிளஸ் ஒன்னிலிருந்தே கணக்கு, பிஸிக்ஸ் வார்த்தைகளை இங்கிலீஷிலும் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலகம் இருக்கிறது, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு சினிமாவுக்குப் பதில் ஒரு நடை கூட்டிக்கொண்டு போனால் என்ன?

கடைசியாக, எற்கெனவே கணக்கை விட்டுவிட்ட வீடுகளுக்கும் ஒரு நல்ல சேதி. நம் ஊர் ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-ல் டேட்டா சயின்ஸ் பட்டப் படிப்பு ஒன்றை அறிவித்தது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பாடம் கேட்கலாம். பிளஸ் டூவில் எந்த குரூப் என்று கேட்பதில்லை, வயசும் கேட்பதில்லை. பத்தாவதில் கணக்கும் இங்கிலீஷும் படித்திருக்க வேண்டும். தகுதிப் பரீட்சைக்கு முதல் நாலு வாரம் சொல்லிக்கொடுப்பதில் என்ன பாடங்கள் தெரியுமா? இங்கிலீஷ், கணக்கு, புள்ளியியல், கம்ப்யூட்டர் முறையில் யோசிக்கிற பயிற்சி. பார்த்தீர்களா, அங்கேயும் இரண்டும் ஒன்றாகத்தான் வாசலில் நிற்கின்றன! மூடின கதவு என்று நினைத்த இடத்தில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. ஆனால் ஜன்னல் வழியாக ஏறுவதைவிட வாசல் வழியாகப் போவது சுலபம். வாசல் திறந்திருக்கும்போதே யோசிக்கலாமே.

ஆகவே சகோதரிகளே, அடுத்த தடவை யாராவது "உங்க பொண்ணு என்ன குரூப்?" என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அந்தக் கேள்வியை முதலில் பெண்ணிடம் கேட்டுவிடுங்கள். பயத்தால் கணக்கை விடச் சொல்லாதீர்கள், பெருமைக்காக எடுக்கவும் சொல்லாதீர்கள். எதை எடுத்தாலும் இங்கிலீஷ் பேப்பர் மட்டும் தினம் வீட்டில் உரக்க ஒலிக்கட்டும். செய்வீர்கள்தானே?